பதின்மூன்று டாலர் டானி: முதல் மிடறு

மெல்பர்னிலிருந்து:

போன ஜூலையில் என் மேலாளர் ஒரு சனிக்கிழமை இரவு சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டேன். "சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்க ஒரு போர்ட், விலை அதிகமாக வேண்டாம்" என்றார். சாராயம் சேர்த்த இனிப்பு ஒயினுக்குத்தான் போர்ட் என்று பெயர். பாட்டில் ஷாப்பில் அரை மணி நேரம் தேடியும் 'போர்ட்' என்று எழுதிய ஆஸ்திரேலியப் பாட்டில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கடைப் பையன் சிரித்துக்கொண்டே கடைசித் தட்டைக் காட்டினான். எல்லாவற்றிலும் வெறும் 'டானி' (Tawny), பழுப்பு நிறம் என்று அர்த்தம். ஐரோப்பிய ஒன்றியத்தோடு போட்ட ஒயின் ஒப்பந்தம் 2010 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததாம். அதன்பின் ஒரு வருட அவகாசம் முடிந்ததும், போர்ட் என்ற பெயரைப் போர்ச்சுகலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்களாம். ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் பெயரும் அப்படித்தான் 'அபேரா' ஆகிவிட்டது. ஆனால் இங்கே யாரும் வாயால் டானி என்று சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் இன்னும் போர்ட்தான்.

ருசி தெரியாத பொருளை இன்னொருவர் வீட்டுக்கு எடுத்துப் போக மனம் வரவில்லை. பதின்மூன்று டாலர்தானே என்று இரண்டு பாட்டில் வாங்கினேன். போனில் மச்சானிடம் சொன்னபோது, "தோனி பேர்ல ஒயினா?" என்றான். அவனுக்கு விளக்கியதிலேயே கால் மணி நேரம் போனது.

வாங்கிய அன்று இரவு செய்த தப்பு இது: சிவப்பு ஒயின் ஊற்றுகிற பெரிய கண்ணாடிக் கோப்பையில் பாதிக்குமேல் ஊற்றினேன். நிறம் நன்றாக இருந்தது. டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தால் நடுவில் செங்கல், ஓரத்துக்கு வர வரத் தேன். முகர்ந்தேன். உலர்திராட்சை, கொஞ்சம் கருப்பட்டிப் பாகு, அதற்குப் பின்னால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஏதோ ஒன்று. பெயர்தான் வரவில்லை. மூன்றாவது தடவை முகர்ந்தபோது பிடிபட்டது. திராக்ஷாரிஷ்டம்! ஆச்சி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூடி எடுத்து, அதே அளவு வெந்நீர் கலந்து குடிப்பாள். எனக்கு ஒரு சொட்டு நாக்கில் வைப்பாள். யோசித்தால் ஆச்சரியம் இல்லை. திராட்சையையும் வெல்லத்தையும் புளிக்க வைத்துச் செய்வதுதானே அது.

ருசி? இனிப்பு முதலில் வந்தது. நிறையவே இனிப்பு. அது தொண்டைக்குள் இறங்கிய பிறகு, சாராயத்தின் சூடு தனியாக, தாமதமாக வந்தது. கல்யாணத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு தனித்தனி பஸ்ஸில் வந்த கணவன் மனைவி மாதிரி. கடைசியில் அக்ரூட் பருப்பின் கசப்பு லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டாவது கோப்பைக்குப் பிறகு சோபாவை விட்டு எழ முடியவில்லை. காலையில் லேபிளைப் படித்தேன்: 18 சதவீத ஆல்கஹால், 10.7 ஸ்டாண்டர்டு டிரிங்க்ஸ் (இங்கே ஒரு டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால்). சாதாரண சிவப்பு ஒயின் பாட்டிலில் சுமார் 8 தான் இருக்கும். இதில் ஒரு 'டிரிங்க்' என்பது சுமார் 70 மில்லிதான். நான் குடித்ததைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இங்கே எழுதவில்லை.

உங்களுக்கு முதல் தடவை எப்படி இருந்தது?

அடிலெய்டிலிருந்து:

தம்பி, இனிப்பும் சூடும் தனித்தனியாக வந்ததாகச் சொன்னீர்களே, சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். மலிவு டானிக்கும் நல்ல டானிக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்டைக் கொன்றுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. அப்புறம் ஓக் பீப்பாய். மரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று பட்டுப் பட்டுத்தான் சிவப்பு பழுப்பாகிறது, பருப்பு வாசனை ஏறுகிறது, சாராயமும் இனிப்பும் ஒன்றோடு ஒன்று கலக்கின்றன. பதின்மூன்று டாலருக்கு அவ்வளவு வருடம் காத்திருக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

விலை குறைவாக இருப்பதற்கு இன்னொரு காரணம் வரி. இங்கே ஒயினுக்கு மொத்த விற்பனை விலையின் மேல் 29 சதவீத வரி. விஸ்கி, பிராந்திக்கு அதில் உள்ள ஆல்கஹாலின் அளவுக்கு வரி. டானி 18 சதவீதமாக இருந்தாலும் ஒயின் கணக்கில்தான் வரும். விலை குறைந்தால் வரியும் குறையும். 1950களில் இந்த நாட்டு ஒயினில் பெரும்பகுதி இப்படிச் சாராயம் சேர்த்ததுதான். இப்போது தாத்தாக்கள் குடிக்கும் சரக்கு என்று பெயர் வாங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

என் முதல் டானி மலிவானதுதான். அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் குலுக்கலில் விழுந்தது. மூன்று மாதம் அலமாரியில் கிடந்தது. டானியின் அருமை புரிந்தது பரோஸா பள்ளத்தாக்கில் செப்பெல்ட்ஸ்ஃபீல்டு என்ற ஒயின் ஆலைக்குப் போனபோதுதான். போகிற பாதையின் இருபுறமும் ஈச்சமரங்கள் வரிசை கட்டி நிற்கும். 1930களின் பொருளாதார மந்தத்தில், வேலையாட்களை அனுப்பாமல் மரம் நட வைத்தார்களாம். உள்ளே, 1878இல் ஆலையின் உரிமையாளர் பென்னோ செப்பெல்ட் ஒரு பீப்பாயை ஒதுக்கி, நூறு வருடத்துக்கு யாரும் தொடக்கூடாது என்றார். அன்றிலிருந்து ஒரு வருடம் விடாமல் ஒவ்வொரு வருடத்துக்கும் பீப்பாய் வைத்திருக்கிறார்கள். நாம் பிறந்த வருடத்துப் பீப்பாயிலிருந்து ஒரு சிறு அளவு காசு கொடுத்து ருசிக்கலாம். என்னுடையதைக் கோப்பையில் சாய்த்தால் விளக்கெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு இறங்கியது. கறுப்பு. ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் கார் நிறுத்துமிடம் வரைக்கும் கூடவே வந்தது.

வீட்டுக்கு வந்து அலமாரிப் பாட்டிலைத் திறந்தேன். அதே வாசனையின் சின்னப் பிள்ளை.

சிட்னியிலிருந்து:

முதலில் எழுதிய அண்ணாவுக்கு, எங்கள் வீட்டிலும் "இது மருந்து மணக்குது" என்றுதான் அம்மா சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது அவருக்கு. நான் முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் அங்கே டாக்டர் அனுமதித்த ஆட்களுக்கு ஒரு சின்னக் கிளாஸ் போர்ட் கொடுப்போம். தொண்ணூறு வயது தாண்டிய ஒரு அம்மா, நான் ஊற்றும்போது அளவுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். குறைந்தால் விடமாட்டார். அவர் அதைக் குடிக்க முக்கால் மணித்தியாலம் எடுப்பார். அதைப் பார்த்துத்தான் நானும் ஒரு நாள் இரண்டு லிட்டர் அட்டைப்பெட்டி டானி வாங்கினேன். பெட்டிக்குள் பை, பைக்குக் குழாய். அந்தப் பெட்டி ஒயினே தென் ஆஸ்திரேலியாவில் 1965இல் வந்த கண்டுபிடிப்பாம்.

உண்மையைச் சொன்னால், குடிக்க எனக்குச் சரிவரவில்லை. தொண்டை எரிந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் கேக்குக்கு பிராந்திக்குப் பதில் இதில் முந்திரியையும் பிளம்ஸையும் இரண்டு கிழமை ஊறவைத்துப் பாருங்கள். கேக் வெட்டும்போது வீடு முழுக்க மணக்கும். மருந்து மணக்குது என்ற அம்மா மூன்று துண்டு சாப்பிட்டார்.

பிரிஸ்பேனிலிருந்து:

எனக்குப் பிடிக்கவே இல்லை. முப்பத்தைந்து டிகிரி வெயிலில், அறைச் சூட்டில் ஒருவர் ஊற்றிக் கொடுத்தார். இருமல் மருந்து. யாரும் பிரிஜ்ஜில் வைக்கச் சொல்லவில்லை.

மீண்டும் மெல்பர்ன்:

பிரிஸ்பேன்காரர் சொன்னதைப் பார்த்து அரை மணி நேரம் பிரிஜ்ஜில் வைத்துக் குடித்தேன். அந்தச் சூடு பாதி அடங்கிவிடுகிறது, இனிப்பும் கொஞ்சம் வாயை மூடிக்கொள்கிறது. அவருக்கும் ஒரு தடவை செய்து பார்க்கலாம்.

அந்த விருந்தைச் சொல்ல மறந்துவிட்டேன். மேலாளர் வீட்டம்மா கட்டைவிரல் உயரக் கோப்பையில் ஊற்றி, பக்கத்தில் நீலப் பூஞ்சைச் சீஸும் அக்ரூட்டும் வைத்தார். அந்தச் சீஸை நான் முதலில் பயந்துதான் எடுத்தேன். அதன் உப்பு நாக்கில் இருக்கும்போது டானி ஒரு வாய் பட்டதும், நான் வீட்டில் குடித்த சரக்கா இது என்று பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அதேதான்.

என்னுடைய பாட்டிலில் இன்னும் கால் பங்கு இருக்கிறது. திறந்து ஐந்து வாரம் ஆகிறது, பெரிதாக மாறவில்லை. காற்று பட்டே வளர்ந்ததற்குக் காற்றில் என்ன பயம். ஊருக்குப் போனபோது எடுத்து வந்த அரிஷ்டப் பாட்டிலின் மூடி ஒன்று சமையலறையில் கிடந்தது. தண்ணீர் ஊற்றி அளந்தேன், 15 மில்லி. இப்போது சாப்பாட்டுக்கு அப்புறம் நான்கு மூடி. வெந்நீர் மட்டும் கலப்பதில்லை.