மழையைத் தாங்குகிற, தண்ணீரில் கரைக்கிற பெயின்ட் எது? போர்டு எழுதுகிறவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நான் பர்மாவில் மோல்மேன் ஊரில் கோயில் போர்டு, கடைப் போர்டு எல்லாம் தமிழிலும் பர்மிய எழுத்திலும் பிரஷ்ஷால் எழுதுகிறேன். இத்தனை வருடமும் எண்ணெய் எனாமல்தான், ஆனால் அடைத்த அறையில் தின்னர் வாடை அப்பாவின் நெஞ்சுக்கு ஆகவில்லை, அதனால் தண்ணீரில் கரைக்கிற அக்ரிலிக் பெயின்ட்டுக்கு மாறியே ஆக வேண்டும்.

போன வருடம் கோயில் வாசலுக்குத் தகரத்தில் சாதாரணச் சுவர் எமல்ஷனால் எழுதினேன். இங்கே மே தொடங்கி அக்டோபர் வரை மழை, ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல். ஆடி முடிவதற்குள் 'முருகன்' எழுத்து எழுத்தாக உரிந்து, சிவப்பும் வெளுத்துப்போனது, பார்க்கவே மனசு கேட்கவில்லை. காற்றில் ஈரம் அதிகமானால் அக்ரிலிக் சரியாக இறுகாது என்று அப்புறம்தான் புரிந்தது. இரும்பு ஆக்சைடு சிவப்பு வெளுக்காது, சரி, ஆனால் அது செங்கல் நிறம், குங்குமச் சிவப்பு அதில் வராதே.

முழு அக்ரிலிக் வெளிப்புறப் பெயின்ட் ரங்கூனில் சின்ன டப்பாவில் கிடைக்கிறதா? தகரத்துக்கு எந்த பிரைமர் (அடிப்பூச்சு)? மேலே வார்னிஷ் அடிக்குமுன் எத்தனை நாள் காயவிடுகிறீர்கள்? 'ழ', 'ண' சுழிக்கும்போது பிரஷ்ஷிலேயே காய்ந்து இழுபடுகிறது, அதற்கு என்ன கலக்கிறீர்கள்? தைப்பூசத்துக்குள் புதுப் போர்டை எழுதி மாட்ட வேண்டும்.