எடை இயந்திர மென்பொருளைப் பிரித்துப் படிக்கலாமா?

பீன்யா_பெஞ்ச்: பெங்களூரு பீன்யாவில் ஒரு பட்டறை. எடை இயந்திரம் கம்பி வழியே ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் டேட்டாவை எங்கள் பில்லிங் நிரல் படிக்க வேண்டும். கையேட்டில் ப்ரோட்டோகால் (டேட்டா அனுப்பும் முறை) இல்லை. கூட வந்த மென்பொருளை டிகம்பைல் செய்தால், அதாவது பிரித்து நிரல் வரிகளாக மாற்றிப் படித்தால், பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

சட்டமும்_நிரலும்: எல்லைக்குள் நின்றால் வராது. 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(ஏபி): மென்பொருளை முறையாக வைத்திருப்பவர், தனியாக எழுதிய நிரல் அதோடு சேர்ந்து இயங்கத் தேவையான தகவலை எடுக்கலாம். அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காததாக இருக்க வேண்டும். அதனால் முதலில் தயாரிப்பாளரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் அந்த மடலைப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் அவர்களுடைய நிரல் வரிகளை நகலெடுக்காதீர்கள்.

கம்பி_கேட்பவர்: டிகம்பைல் வரை போவானேன் அண்ணே? கம்பியில் வரும் டேட்டாவை 9600 பாட் (அனுப்பும் வேகம்) வைத்துக் கேளுங்கள். குப்பை எழுத்து வந்தால் 4800, 2400, பிறகு 7 பிட் ஈவன் பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) என்று மாற்றிப் பாருங்கள். இயந்திரத்தின் ஆர்எஸ்-232 (சீரியல் இணைப்பு) கம்பியை 3.3 வோல்ட் போர்டில் நேராகச் செருகினால் போர்டு போய்விடும். நடுவில் வோல்ட்டை மாற்றித் தரும் மேக்ஸ்3232 சிப் கட்டாயம். வெவ்வேறு எடைகளை வைத்து, மாறும் பைட்டுகளைக் குறியுங்கள். கடைசி பைட் செக்சம்மாக (பிழை சரிபார்க்கும் கூட்டுத்தொகை) இருக்கலாம்.

சட்டமும்_நிரலும்: நல்ல வழி. மென்பொருளில் நகல் தடுக்கும் பூட்டு இருந்தால், அதே சட்டத்தில் 2012இல் வந்த பிரிவு 65ஏ-வையும் பாருங்கள்: உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பதுதான் குற்றம். பிறருக்காக உடைத்தால் அவர் பெயர், முகவரி, நோக்கம் எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். நம் சட்டத்தில் திருத்தம் வேண்டியது வேறிடத்தில். டிகம்பைலைத் தடுக்கும் உரிம ஒப்பந்தத்தை ஐரோப்பாவின் 2009/24 ஆணை செல்லாது என்கிறது. இங்கே அப்படி ஒரு வரி இல்லை.