திவ்யா கல்யாணத்துக்கு 18 அடி சாய்தளம்

குழு: செல்லையா தாத்தா வீடு

முருகேசன் சித்தப்பா (காலை 9.12): திவ்யா கல்யாணத்துக்கு மண்டபம் பேசிவிட்டேன். அட்வான்ஸ் 25,000 கொடுத்தாச்சு. மணமேடை மாடியில், பந்தி கீழே. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வரலாம்.

வள்ளி அத்தை: ரொம்ப சந்தோஷம் தம்பி. நல்லபடியாக நடக்கட்டும்.

மீனா: சந்தோஷம் சித்தப்பா. லிப்ட் இருக்கிறதா?

முருகேசன் சித்தப்பா: இல்லைம்மா, 22 படி. கவலைப்படாதே, நம்ம பையன்கள் நாலு பேர் வீல்சேரோடு தூக்கிவிடுவார்கள். முடியாவிட்டால் கீழே பெரிய டிவி வைத்து முகூர்த்தத்தைக் காட்டுகிறேன் என்று மேனேஜர் சொன்னார்.

கார்த்திக்: நான் இருக்கிறேன் அக்கா. தூக்குவது என் பொறுப்பு.

மீனா (9.40): கார்த்திக், உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் தூக்க வேண்டாம். போன வருஷம் ஒரு வளைகாப்பில் இப்படித்தான் தூக்கினார்கள். பாதிப் படியில் ஒருவர் கை நழுவியது. சேலை விலகி, மொத்தக் கூட்டமும் பார்த்தது. அன்று காலையிலிருந்து நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அங்கே கழிப்பறைக் கதவுக்குள் வீல்சேர் நுழையாது. எந்த விசேஷம் என்றாலும் முந்தின நாள் இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

வள்ளி அத்தை: இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை கண்ணு?

சரவணன் மாமா: பாவம்தான். ஆனால் அது தனியார் மண்டபம் மீனா. அரசாங்க ஆபீஸ் என்றால் கேட்கலாம். அவர் இடம், அவர் இஷ்டம்.

மீனா: நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன் மாமா. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அப்படிச் சொல்லவில்லை. அரசுடையதோ தனியாருடையதோ, பொதுமக்கள் வந்துபோகிற கட்டடம் எல்லாம் அதில் பொதுக் கட்டடம்தான். கடை, பள்ளி, ஆஸ்பத்திரி, கோயில், மண்டபம் எல்லாமே அடக்கம். புதிதாகக் கட்டினால், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி இல்லாமல் பணி நிறைவுச் சான்றிதழே கொடுக்கக் கூடாது. பழைய கட்டடத்தை மாற்ற, விதிகள் வந்த நாளிலிருந்து 5 வருஷம் அவகாசம். விதிகள் வந்தது 2017 ஜூனில்.

சரவணன் மாமா: சட்டம் ஏட்டில் இருக்கும்மா. யார் போய்க் கேட்கிறார்கள்?

மீனா: கேட்டவர்கள் இருக்கிறார்கள் மாமா. கொல்கத்தாவின் ஜீஜா கோஷுக்கு மூளை முடக்குவாதம். 2012இல் கோவாவில் ஒரு மாநாட்டுக்குப் போக விமானத்தில் ஏறி உட்கார்ந்தவரை இறக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை. 2016இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.
ராஜீவ் ரத்தூரி பார்வையில்லாதவர். எங்களைப் போன்றவர்கள் கட்டடங்களிலும் சாலைகளிலும் புழங்க வழி வேண்டும் என்று 2005இல் வழக்குப் போட்டார். 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பைப் படித்து நான் அழுதுவிட்டேன். சட்டம் கட்டாயம் என்கிறது, அரசு எழுதிய விதியோ வெறும் பரிந்துரை மாதிரி இருக்கிறது, அந்த விதி செல்லாது என்றார்கள். கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்கவும் உத்தரவு போட்டார்கள். கேட்டதிலிருந்து 19 வருஷம்.

கார்த்திக்: மீறினால் தண்டனை உண்டா அக்கா?

மீனா: முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். திரும்பவும் மீறினால் 50,000இலிருந்து 5 லட்சம் வரை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். அந்த மண்டபத்தைப் பற்றி நான் எழுதப் போகிறேன். உங்கள் பேர் வராது சித்தப்பா.

திவ்யா (10.25): இப்போதுதான் பார்த்தேன் அக்கா. மண்டபம் பார்க்கப் போகும்போது பார்க்கிங், ஏசி எல்லாம் விசாரித்தேன். இதைக் கேட்கவில்லை. மன்னித்துவிடு. அப்பா, வேறு மண்டபம் பாருங்கள்.

முருகேசன் சித்தப்பா: முதலில் அந்த மேனேஜரிடம் பேசிவிட்டு வருகிறேன்.

முருகேசன் சித்தப்பா (மாலை 6.50): பேசினேன். சாய்தளம் இருக்கிறது என்று பின்பக்கம் கூட்டிப்போனார். சமையல்கட்டுக்கு அரிசி மூட்டை இழுக்கிற வழி. அது போய் முடிவதும் கீழேதான், மாடிக்கு வழியில்லை. என் அண்ணன் மகளை மூட்டை போகிற வழியில் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அட்வான்ஸில் பாதிதான் திரும்ப வரும். போகட்டும்.
பக்கத்துத் தெருவில் இன்னொரு மண்டபம். மேடை, பந்தி எல்லாம் தரைத்தளம். வாசலில் மட்டும் 3 படி. விஷயத்தைச் சொன்னதும் அந்த ஓனர் சாய்தளம் கட்டித் தருகிறேன் என்றார். கொத்தனார் 6 அடி போதும் என்கிறார்.

மீனா: ரொம்ப நன்றி சித்தப்பா. ஆனால் 6 அடி போதாது. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். ஒரு படி 6 அங்குலம் என்றால் 3 படிக்கு 18 அங்குலம், அப்படியானால் 18 அடி. குறைத்தால் செங்குத்தாகிவிடும், பின்னாலிருந்து யாராவது தள்ளியாக வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். கைப்பிடி இருந்தால் தாத்தாவும் வாக்கரை விட்டுவிட்டு ஏறிவிடுவார்.

முருகேசன் சித்தப்பா: 18 அடிக்கு இடம் இருக்கிறது. சனிக்கிழமை கார் அனுப்புகிறேன். நீயே வந்து கொத்தனாரிடம் சொல்லிவிடு.

வள்ளி அத்தை: கழிப்பறைக் கதவையும் அளந்துவிடு மீனா. எவ்வளவு அகலம் வேண்டும்?

மீனா: 90 செ.மீ. இருந்தால் தாராளம் அத்தை. டேப் கொண்டுவருகிறேன்.

திவ்யா: நானும் வருகிறேன் அக்கா. ஒரு முனையை நான் பிடிக்கிறேன்.