க்ளோபெட்டசால் களிம்பு: அம்மா தொடவே பயப்படுகிறார், தம்பி அள்ளிப் பூசுகிறான்

நிலா_ஈரோடு

வணக்கம். அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. இடது கணுக்காலுக்கு மேலே ஒரு கை அகலத்துக்குத் தோல் கறுத்து, தடித்து, செதில் செதிலாக உரிகிறது. புண் இல்லை. ஆனால் ராத்திரி சொறிந்தே தூக்கம் போகிறது. தோல் டாக்டர் எக்ஸிமா என்று சொல்லி, க்ளோபெட்டசால் 0.05 சதவீதக் களிம்பை இரவு ஒரு வேளை, இரண்டு வாரம் தடவிவிட்டு வந்து காட்டச் சொன்னார். அது ஸ்டீராய்டு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அம்மா கடுகளவுதான் தொட்டு வைக்கிறார், அதுவும் அரிப்பு தாங்காத நாளில் மட்டும். மேலே பிளாஸ்டிக் கவர் சுற்றிக் கட்டினால் சீக்கிரம் ஆறும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. போதாததற்கு, தம்பி அதே டியூப்பை எடுத்துத் தொடை இடுக்கில் படர்தாமரைக்குப் பூசுகிறான். அரிப்பு நின்றுவிட்டதாம். இவர்களுக்கு என்ன சொல்வது?

மருந்துக்கடை_சேலம்

முதலில் தம்பி. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். படர்தாமரை பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்டு அந்த இடத்தில் உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடும். சிவப்பும் அரிப்பும் குறையும், பூஞ்சை மட்டும் நிம்மதியாகப் பரவும். வட்டமாகத் தெரியும் ஓரம் அழிந்துபோனால் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம். தோலைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் சோதனை அதற்குத்தான். என்ன பூசினான் என்பதை மறைக்காமல் சொல்லட்டும். நிறுத்தியதும் அரிப்பு ஒரேயடியாகக் கிளம்பும். அதைப் பார்த்துத் திரும்ப டியூப்பை எடுக்கக் கூடாது. தொடை இடுக்கு, அக்குள், முகம் எல்லாம் மெல்லிய தோல், மருந்தை அதிகம் உறிஞ்சும். அங்கே இவ்வளவு வீரியமான களிம்பு போட்டால் தோல் மெலிந்து வரி விழும். அந்த வரி அழியவே அழியாது. இந்த வகைக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அட்டவணை எச்-இல் சேர்த்துவிட்டார்கள். அப்படியும் பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த டியூப்பை வாய்வார்த்தையாகக் கேட்டு வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது.

இனி அம்மா. அவருடைய பயம் புரிகிறது, ஆனால் கடுகளவு தடவினால் நோயும் போகாது, மருந்தும் மாதக்கணக்கில் இழுக்கும். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது விரல்களோடு சேர்த்து இரண்டு கை அகலத்துக்குப் போதும். அம்மாவுக்கு ஒரு கை அகலம் என்பதால் அதில் பாதி. இரண்டு வாரத்துக்கும் சேர்த்து 4 கிராம்கூட ஆகாது. க்ளோபெட்டசாலுக்கு வாரத்துக்கு 50 கிராம்தான் உச்ச வரம்பு என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கவர் மட்டும் வேண்டவே வேண்டாம். மூடிக் கட்டினால் மருந்து பல மடங்கு உள்ளே போகும். டாக்டர் சொன்னால் மட்டுமே அதைச் செய்ய வேண்டும்.

முழங்கை_சொரியாசிஸ்

நான் பல வருஷமாக இதே மருந்தை விட்டு விட்டுப் பயன்படுத்துகிறேன். தோல் நன்றாக இருக்கிறது. காரணம், தடவும் நாளையும் நிறுத்தும் நாளையும் காலண்டரில் குறித்துவிடுவேன். இன்னொன்று, வெறும் வாசலின் மாதிரி ஈரப்பசை காக்கும் களிம்பைத் தினமும் விடாமல் போடுங்கள். அதற்கும் மருந்துக்கும் நடுவில் அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து நீர்த்து, நல்ல தோலுக்கும் பரவிவிடும். தடவி முடித்ததும் அம்மா கை கழுவட்டும், அதே கையோடு கண்ணைக் கசக்கிவிடப் போகிறார்.

நிலா_ஈரோடு

ரொம்ப நன்றி. தம்பியை நாளைக்கே அழைத்துப் போகிறேன். அம்மா கேட்கச் சொன்னது: இதனால் சர்க்கரை ஏறுமா? இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டால் சட்டென்று விட்டுவிடலாமா?

மருந்துக்கடை_சேலம்

இவ்வளவு சின்ன இடத்துக்கு, இவ்வளவு குறைந்த அளவில், சர்க்கரை ஏறும் என்று பயப்பட வேண்டாம். உடம்பு முழுக்க மாதக்கணக்கில் பூசுகிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை. வழக்கமாகப் பார்க்கும் சர்க்கரையைப் பார்த்துக்கொண்டால் போதும்.

நிறுத்துவதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள். தடிப்பு அமுங்கி, தோல் மிருதுவானால் அப்படியே நிறுத்தச் சொல்லலாம், வீரியம் குறைந்த களிம்புக்கு மாற்றலாம். அடிக்கடி திரும்பி வருகிற எக்ஸிமாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தடவச் சொல்வதும் உண்டு. கறுப்பு நிறம் மட்டும் மிச்சம் இருந்தால் அதற்காக மருந்தை நீட்டிக்காதீர்கள், அது மெதுவாகத்தான் போகும்.

சர்க்கரைக்காரர் கால் என்பதால் ஒன்று கேட்கிறேன். சாயங்காலம் அந்தக் காலில் வீக்கமோ, புடைத்து நெளியும் நரம்போ தெரிகிறதா? இருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் தேங்குவதால் வருகிற எக்ஸிமாவுக்குக் களிம்பு மட்டும் போதாது. தோல் வெடித்து நீர் வடிந்தாலோ, சீழ் கட்டினாலோ, சுற்றிலும் சூடாகச் சிவந்தாலோ இரண்டு வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.

நிலா_ஈரோடு

வீக்கம் இருக்கிறது, சாக்ஸ் அச்சு அப்படியே பதிகிறது. நரம்பைக் கவனித்ததில்லை. இன்று சாயங்காலம் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.