மறுமொழி: ‘நரம்புசார் பசியின்மை’ சரிதானா?

ஐயா, வணக்கம். உண்ணல், ஊட்டம் சார்ந்த மருத்துவச் சொற்களுக்கு நீங்கள் அனுப்பிய தமிழாக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

> அனோரெக்சியா நெர்வோசா = நரம்புசார் பசியின்மை. கிரேக்க வேருக்கும் பொருந்துகிறது. இத்தோடு முடித்துக்கொள்ளலாமா?

கொஞ்சம் பொறுங்கள். வேருக்குப் பொருந்துவதுதான் இங்கே வில்லங்கமே. ‘ஓரெக்சிஸ்’ பசி, ‘அன்’ இன்மை என்பதெல்லாம் சரி. ஆனால் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் கல் எழுதி 1874இல் அச்சான கட்டுரையில் வைத்த அந்தப் பெயரே பிசகு. இந்த நோயாளிக்குப் பசி இருக்கிறது, பலருக்குக் கடுமையாகவே. பசித்தும் உண்ண முடியாதபடி எடை கூடிவிடுமோ என்ற பயம் தடுக்கிறது.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்கு மினசோட்டா பல்கலைக்கழகச் சோதனை ஒன்று போதும். 1944-45இல் ஆய்வாளர் ஆன்செல் கீஸ் நலமான 36 ஆண்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்தார். எடையில் ஏறக்குறைய கால் பங்கு போயிற்று. அவர்களுக்கு எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகம் சேர்க்கத் தொடங்கியவர்களும் உண்டு. உண்ணாமல் மெலிந்தவர் மற்றவர்களுக்கு ஆசையாகச் சமைத்துப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. அவரிடம் போய் ‘உங்களுக்குப் பசியின்மை’ என்றால் நம்மை என்ன நினைப்பார்?

இன்னொரு நடைமுறைச் சிக்கல். காய்ச்சலிலும் மஞ்சள்காமாலையிலும் வருவது உண்மையான பசியின்மை. மருத்துவக் குறிப்பில் அந்த அறிகுறிக்கு இச்சொல் ஏற்கெனவே வேலை செய்கிறது. அதை இங்கேயும் இழுத்துவிட்டால் குழப்பம்தான். ஜெர்மன்காரர்கள் கிரேக்கத்தை ஓரமாக வைத்துவிட்டு ‘மாகர்சூக்ட்’ என்கிறார்கள்: மெலிவுக்கு அடிமையாதல். நாம் மட்டும் ஏன் வேரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

> ‘உண்ணாநோன்பு நோய்’ எப்படி?

வேண்டவே வேண்டாம். நோன்பு என்றதும் கைகூப்பத் தோன்றும். ‘பசிமறுப்பு’ என்று நானே முதலில் எழுதி வைத்திருந்தேன். ‘மறுப்பு’ என்று படித்ததும் வீட்டில் உள்ளவர்கள் ‘பார், பிடிவாதம்தான்’ என்பார்களே என்று அடித்துவிட்டேன்.

என் முன்மொழிவு எடையச்ச உண்ணாமை. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பாதியும் சும்மா நிற்கவில்லை. உணவின் தன்மை பிடிக்காமலோ, தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தாலோ உண்ணாமல் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு எடையைப் பற்றிக் கவலையில்லை. அதை அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு (2013) தனிக் கோளாறாகவே வைத்திருக்கிறது. ‘எடையச்சம்’ இவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும், ‘உண்ணாமை’ நிறைய உண்டுவிட்டு அதைக் கழிக்கப் பார்க்கும் புலிமியா என்ற நோயிலிருந்து பிரித்துக் காட்டும்.

அந்தப் புலிமியாவுக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘மாட்டுப்பசி’. நம்மிடம் அதைவிடப் பெரிய விலங்கு இருக்கிறது! மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த தீராப்பசிக்கு ‘யானைத்தீ’ என்று பெயர். எடுத்துக்கொள்ளக் கை துறுதுறுத்தது உண்மை. ஆனால் யானைத்தீ எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி. 1979இல் உளமருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் விவரித்த புலிமியா நெர்வோசா வேறு: அடக்க முடியாமல் நிறைய உண்டுவிட்டு, எடை ஏறக்கூடாதென்று வாந்தி எடுப்பது, பேதிமருந்து விழுங்குவது. யானைத்தீயை, மூளை ‘போதும்’ என்பதையே உணராத மரபணு நோய்களுக்காக எடுத்து வைக்கலாம். பிராடர்-வில்லி நோய்க்கு அச்சு அசலாகப் பொருந்தும்.

புலிமியாவுக்கு உண்டுகழித்தல். கழிப்பறை நினைவு வருகிறது என்று யாராவது சொல்வீர்கள். இருக்கட்டும், கணக்கிலும் கழித்தல் உண்டே. உண்ட கலோரியை மணிக்கணக்கில் ஓடிக் கழிப்பவர்களும், மறுநாள் பட்டினி கிடந்து கழிப்பவர்களும் இதே நோயாளிகள்தான். ‘வாந்திநோய்’ போன்ற சொற்கள் அவர்களை விட்டுவிடும். கழிக்காமல் உண்பது மட்டும் நடந்தால் (ஆங்கிலத்தில் ‘பிஞ்ச் ஈட்டிங்’) கட்டறு உண்ணல்; அளவைவிட, கட்டுப்பாடு கைநழுவுவதே அங்கு அடையாளம். பொதுப்பெயர் ‘உண்ணல் கோளாறு’ என்றே இருக்கட்டும். ‘உணவுக் கோளாறு’ என்றால் கெட்டுப்போன சாப்பாடு என்று நினைப்பார்கள்.

> எசன்ஷியல் அமினோ ஆசிட் = இன்றியமையா அமினோ அமிலம்

இதில் தவறில்லை, எதிர்ச்சொல்லில்தான் வழுக்குகிறது. ஒரு மொழிபெயர்ப்பில் ‘தேவையற்ற அமினோ அமிலங்கள்’ என்று பார்த்துத் தலையில் கைவைத்தேன். புரதம் கட்ட இருபதும் தேவை. வளர்ந்தவர்களின் உடலால் ஒன்பதைத் தேவைக்குச் செய்துகொள்ள முடியாது, பதினொன்றைச் செய்துகொள்ளும். அமிலம் உணவிலிருந்து வருகிறதா, உடலே செய்கிறதா என்பதில்தான் வேறுபாடு. எனவே ‘உணவுவழி அமினோ அமிலம்’, ‘உடலாக்க அமினோ அமிலம்’ என்று இணையாக வைக்கலாம். அதேபோல் உடலால் செய்துகொள்ள முடியாத கொழுப்பமிலமான லினோலெயிக் அமிலத்தையும் ‘உணவுவழிக் கொழுப்பமிலம்’ என்றுவிடலாம். வைட்டமினில் கைவைக்க மாட்டேன், அது தமிழாகிவிட்டது.

ஒன்று மட்டும் சிக்கவில்லை: ‘ரீஃபீடிங் சிண்ட்ரோம்’. நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென நிறைய ஊட்டினால் இன்சுலின் எகிறி, இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் போய்விடும். இதயம் தடுமாறி உயிரே போகலாம். ‘மீளூட்ட அதிர்ச்சி’ என்று எழுதிப் பார்த்தேன். மருத்துவத்தில் அதிர்ச்சி என்றால் இரத்த ஓட்டம் குலைவது, அதனால் ஒத்துவராது. ‘மீளூட்டச் சிக்கல்’ சப்பென்று இருக்கிறது, ஆபத்து தெரியவில்லை. வார்டில் வேலை பார்க்கும் அக்கா யாராவது இருந்தால், செவிலியர்கள் தங்களுக்குள் இதை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்களேன்.