கீ சாங் வந்த வெள்ளிக்கிழமை

2025 மே 30, வெள்ளி

நான்: (படம்) பசியாறிட்டீங்களா எல்லாரும்? காலையில கதவைத் திறந்தா வாசல் கம்பியில இந்த இலைப் பொட்டலம் தொங்குது, சீனக் குடும்பங்கள் அரிசி வெச்சுக் கட்டறது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாட்டி விட்டுட்டுப் போயிருக்காங்க. ஒரே கொத்துல பத்து. நாளைக்கு சீனர்களோட டிராகன் படகுத் திருநாள்.

பெரியம்மா: பாச்சாங்கா? இன்னிக்கு வெள்ளிக்கிழமைம்மா. உள்ள இறைச்சி இருக்கும், பாத்து.

நான்: இல்ல பெரியம்மா, இது கீ சாங். ஹொக்கியன்ங்கற சீன மொழியில ‘பாக்’னாதான் இறைச்சி. இதுல பூலூட்ங்கற ஒட்டற அரிசியும் காரத் தண்ணியும் மட்டும்தான். மிளகாய்க் காரம் இல்ல, சாம்பல்ல இறக்குற காரம். அதனாலதான் இந்த மஞ்சள் நிறம். ஆறின பிறகு குலா மலாக்கா, அதான் தென்னங்கருப்பட்டிப் பாகு, ஊத்திச் சாப்பிடணும்.

அண்ணி: எனக்கு ரெண்டு எடுத்து வை. சாயந்திரம் வர்றேன்.

முகில்: அத்தை, இதுக்குள்ளதானே சீட்டு மறைச்சு வெச்சு மங்கோலியர்களை விரட்டினாங்க?

நான்: அது மூன் கேக் கதைடா. சீன நாட்காட்டியில அது எட்டாம் மாசம், இது அஞ்சாம் மாசம் அஞ்சாம் தேதி. அப்பாகிட்ட கேளு, சொல்வார்.

அண்ணன்: ச்சியூ யுவான்னு ஒரு கவிஞர். நாட்டுக்கு நல்லது சொன்னார், ராஜா கேக்கல, ஆத்துல குதிச்சிட்டார். ஜனங்க படகை எடுத்துட்டு ஓடினாங்க. மீன் அவர் உடம்பைத் தொடக்கூடாதுன்னு சோத்தை உருட்டித் தண்ணியில போட்டாங்க. படகுப் போட்டியும் இந்தச் சோறும் அப்படி வந்ததுதான். பள்ளிக்கூடத்துல படிச்சது, இன்னும் மறக்கல.

மாமா (பினாங்கு): எனக்கும் அப்படித்தான் தெரியும். நாங்க இருந்த லைன் வீட்டுல அடுத்த கதவு சீனக் குடும்பம். அந்தப் பாட்டி வருஷா வருஷம் கட்டும்போது இதே கதையைத்தான் சொல்லும்.

நான்: கதை அதுதான் மாமா. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு. சீன வகுப்புல ஆசிரியர் ஒரு பழைய பத்தியை வாசிச்சுக் காட்டினாங்க, அன்னைலேருந்து எனக்கு இது மனசுலயே நிக்குது. சொல்லட்டுமா?

பெரியம்மா: சொல்லும்மா. நான் கண்ணாடி போட்டுக்கிறேன்.

நான்: ச்சியூ யுவான் கற்பனை ஆள் இல்ல. பழைய சீனாவுல சூங்கற நாட்டுல அமைச்சரா இருந்தவர். பக்கத்துல ச்சின் நாடு வளந்துக்கிட்டே வந்தது. அவங்க கூப்பிட்டா பேச்சுவார்த்தைக்குப் போகாதீங்கன்னு ஹுவாய் ராஜாவைத் தடுத்தார். ராஜா போனார். புடிச்சு வெச்சுக்கிட்டாங்க. கி.மு. 296ல அந்நிய மண்ணுலயே செத்துப் போனார். ச்சியூ யுவானைத் தெற்கே துரத்திட்டாங்க. கி.மு. 278ல சூ நாட்டுத் தலைநகரமே விழுந்தது. அந்தச் சமயத்துலதான் அவர் மீலுவோ ஆத்துல இறங்கினார்னு சொல்றாங்க. இப்ப ஹூனான் மாநிலத்துல இருக்கு அந்த ஆறு.

நான்: ஆனா இந்தச் சோறு பத்தின ரொம்பப் பழைய குறிப்புல அவர் பேரே இல்ல.

மாமா (பினாங்கு): என்னது?

நான்: ஆமா மாமா. எழுதினவர் ஜோ சூ. கி.பி. 297ல போர்ல செத்தவர். ஊர் வழக்கங்களைப் பத்தி ஒரு நூல் எழுதினார், அதுல சில துண்டுகள்தான் இப்ப மிஞ்சியிருக்கு. அதுல சொல்றார்: தண்ணிக்கரையில வளர்ற ஒரு நாணல் இலையில பனிவரகை மடிச்சு, கெட்டியான சாம்பல் தண்ணியில குழைய வேகவைப்பாங்களாம். அஞ்சாம் மாசம் அஞ்சாம் தேதியும் செய்வாங்க, பகல் நீளமா இருக்கிற அந்த நாள்லயும் செய்வாங்க. பேரு ‘ஜியாவ்ஷூ’. கொம்பு வரகுன்னு அர்த்தம், மாட்டுக்கொம்பு மாதிரி கூரா இருந்ததால.

பெரியம்மா: பனிவரகா! அரிசி இல்லையா?

நான்: அரிசி பிறகுதான் பெரியம்மா இதுக்குன்னே ஆச்சு. ஏன் இலையில மடிக்கறாங்கன்னு அவரே காரணமும் சொல்றார். வெயிலும் குளிரும், சீனர்கள் யாங், யின்னு சொல்ற ரெண்டு எதிர் சக்தியும், இன்னும் பிரியாம ஒண்ணையொண்ணு சுத்திக்கிட்டு இருக்கிற காலம் அது, அதோட உருவம்தான் இந்தப் பொட்டலம்னு. ஆறும் இல்ல, மீனும் இல்ல, கவிஞரும் இல்ல.

நான்: ‘சாம்பல் தண்ணி’ன்னு வாசிச்சதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. கடையில உப்பு முட்டை, காளான், செஸ்நட், பன்றி இறைச்சின்னு அடுக்கி விக்கறாங்களே, அதெல்லாம் விட, ஒண்ணுமே வைக்காத இந்தக் கீ சாங்தான் 1,700 வருஷத்துக்கு முந்தின அந்தக் குறிப்புக்குப் பக்கத்துல நிக்குது.

அண்ணி: அதான் ஆன்ட்டி இதையே கட்டறாங்களா!

மாமா (பினாங்கு): இரு இரு. அப்ப அந்தப் பாட்டி சொன்னது பொய்யா? அது கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டுச் சொல்லும்மா.

நான்: பொய்னு நான் சொல்லவே மாட்டேன் மாமா. ஜோ சூவுக்கு ஒரு 200 வருஷம் பிறகு வூ ஜுன்னு ஒருத்தர் அதிசயக் கதைகளைத் தொகுத்தார். அதுலதான் இது வருது. ஜனங்க ச்சியூ யுவான் நினைவா மூங்கில் குழாய்ல அரிசி அடைச்சு ஆத்துல விடுவாங்களாம். நம்ம புட்டுக்குழல் மாதிரி நினைச்சுக்குங்க. ஒரு நாள் சாங்ஷா ஊர்க்காரர் ஒருத்தர் முன்னாடி அவரே வந்து நிக்கறார். ‘நீங்க போடறது நல்ல காரியம். ஆனா வருஷா வருஷம் ஜியாவ்லோங் திருடித் தின்னுடுது’ங்கறார். ஜியாவ்லோங்னா தண்ணியில இருக்கிற நாகம், டிராகன் மாதிரி. ‘இனிமே குழாய் வாயை மலைவேம்பு இலையால அடைச்சு, வண்ண நூலால கட்டுங்க. இது ரெண்டுக்கும் அந்த நாகம் பயப்படும்’னு சொல்லிட்டுப் போறார்.

பெரியம்மா: வேப்பிலையா??

நான்: வேம்புக்குப் பங்காளி மரம் பெரியம்மா. அதே குடும்பம்.

பெரியம்மா: பாத்தியா. கெட்டது அண்டக்கூடாதுன்னா உலகம் பூரா அந்த இலைதான்.

நான்: இன்னொண்ணு கேளுங்க. நாளைக்கு சீனாவுல வாசல்ல ரெண்டு செடி கட்டித் தொங்க விடுவாங்க. ஒண்ணு நம்ம மாசிபத்திரி ஜாதி. இன்னொண்ணு வசம்பு.

பெரியம்மா: நம்ம வசம்பா? பிள்ளைக்குக் கையில கட்டறதா?

நான்: அதே வசம்புதான். இலை வாள் மாதிரி இருக்கும்ல, பேய் பிசாசை வெட்டும்னு நம்பிக்கை. பிள்ளைங்க மணிக்கட்டுல அஞ்சு வண்ண நூலும் கட்டுவாங்க.

பெரியம்மா: உனக்கும் உங்கண்ணனுக்கும் நான்தான் வசம்பைச் சுட்டுக் கோத்துக் கட்டினேன். இது தெரியாமப் போச்சே இத்தனை நாளா.

அண்ணன்: ஏன் அந்த மாசம் மட்டும் இவ்வளவு பயம்?

நான்: வெயில் ஏறி மழை பிடிக்கிற காலம்ணே. காய்ச்சல், பூச்சி, பாம்பு எல்லாம் கிளம்பும். பாம்பு, பூரான், தேள், தேரை, பல்லி, இதை அஞ்சு விஷம்னு சொல்வாங்க. அதனால அஞ்சாம் மாசமே கெட்ட மாசம்னு பேரு. நோயை விரட்டற நாளாத்தான் இந்தத் திருநாள் முதல்ல இருந்திருக்கணும், கவிஞர் பிறகு வந்து சேந்தார்னு நான் நினைக்கிறேன்.

முகில்: அப்ப எல்லா ஊர்லயும் அவர்தானா?

நான்: இல்லடா. சூசோ பக்கம் கேட்டா வூ ட்ஸெஷூன்னு சொல்வாங்க. கி.மு. 484ல ராஜா கட்டளையால செத்த அமைச்சர், உடம்பை ஆத்துல வீசிட்டாங்க. ஷாவ்ஷிங் பக்கம் ச்சாவ் அ-ங்கற பொண்ணு. அப்பா ஆத்துல போயிட்டார், தேடித் தேடி அழுது அவளும் இறங்கிட்டா. 14 வயசு. அந்த ஆத்துக்கே அவ பேருதான்.

முகில்: உன் வயசுக்குச் சின்னவ அத்தை, என் வயசுதான் அவளுக்கு 😔

அண்ணி: அதைப் படிச்சதும் தொண்டை அடைச்சிருச்சு.

மாமா (பினாங்கு): எல்லாம் ஆத்துல போனவங்க.

நான்: ஆமா மாமா. அதைத்தான் நான் சொல்ல வந்தேன். சாப்பாடு முன்னாடியே இருந்தது. தங்களால காப்பாத்த முடியாமப் போன ஒருத்தருக்கு எதைக் கொடுக்கறதுன்னு யோசிச்சப்ப, கையில இருந்த அந்தப் பொட்டலத்தையே அவர் பேர்ல கொடுத்திருக்காங்க. பாட்டி கண்ணுல வந்த தண்ணி நிஜம்தானே.

மாமா (பினாங்கு): சரிம்மா. இப்ப மனசுக்கு ஒத்துக்குது.

நான்: செத்தவங்க கையில கொடுத்தும் அனுப்பியிருக்காங்க. ஜியாங்ஷி மாநிலத்துல டேஅன்ங்கற இடத்துல 1988ல ஒரு பெண்ணோட கல்லறையைத் திறந்தாங்க. தென் சோங் அரச வம்சக் காலம், 700 வருஷத்துக்கு மேல ஆச்சு. கையில பீச் மரக்குச்சி, அதுல ரெண்டு பொட்டலம் கட்டியிருந்தது.

அண்ணன்: கடவுளே.

மாமா (பினாங்கு): எங்க பக்கம் நோன்யா சாங்கையும் மறந்துடாத. ஒரு மூலை மட்டும் சங்குப்பூ நீலம். உள்ள சர்க்கரைப்பாகுல போட்ட வெண்பூசணி, கொத்தமல்லி விதைப் பொடி. சீனாக்காரங்க இங்க வந்து, நம்ம மண்ணு மசாலாவைச் சேத்து ஆக்கினது.

முகில்: அத்தை, எனக்கு ஒண்ணு வேணும். என் கூடப் படிக்கிறவன் சொன்னான், பரிட்சைக்கு முன்னாடி இதைச் சாப்பிட்டா தேறிடுவாங்களாம்.

நான்: ‘ட்ஸோங்’னா இந்தப் பொட்டலம், ‘ஜோங்’னா தேறுறது. சத்தம் ஒண்ணாட்டம் இருக்கு, அதான். உனக்கு மூணு எடுத்து வெச்சாச்சு.

அண்ணி: எப்படிக் கட்டறாங்க? நான் ஒருதரம் முயற்சி பண்ணி எல்லாம் பிரிஞ்சு போச்சு.

நான்: நேத்து ராத்திரி தாழ்வாரத்துல ஆன்ட்டி பக்கத்துல உக்காந்து பாத்தேன் அண்ணி. ரெண்டு நாற்காலிக்கு நடுவுல துடைப்பக் கம்பு, அதுல நூல்கள் வரிசையாத் தொங்குது. மூங்கில் இலை வாளியில ஊறுது. ரெண்டு இலையை வழவழப்பான பக்கம் உள்ள வர்ற மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு, நடுவுல மடக்கிக் கூம்பாக்கறாங்க. கூம்போட நுனி இறுக்கமா இருக்கணும், ஓட்டை விட்டா அரிசி ஒழுகிடும். கீ சாங்குக்கு அரிசியை நிறைக்கவே கூடாதாம். முக்கால் பங்குதான். வேகும்போது ஊதும், இடம் விடலைன்னா இலை வெடிச்சிடும். பிறகு மேல் இலையை மூடி, ரெண்டு காதையும் கிள்ளி மடிச்சு, நூலை ரெண்டு சுத்து சுத்தி, நுனியைப் பல்லுல கடிச்சு இழுக்கறாங்க. ஆன்ட்டிக்கு முன்பல்லுல ஒண்ணு லேசாத் தேஞ்சிருக்கு. கேட்டேன், ‘அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு’ன்னாங்க.

பெரியம்மா: 🙏

நான்: நாலு மணி நேரம் கொதிச்சுது. புளோக் பூரா அந்த இலை வாசம்.

அண்ணி: முக்கால் பங்கு! நான் அழுத்தி அழுத்தி அடைச்சேன். அதான் வெடிச்சிருக்கு.

பெரியம்மா: பாப்பா, அந்த ஆன்ட்டிக்குப் பதிலுக்கு என்ன கொடுக்கப் போற? வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காத.

நான்: பாத்திரம் இல்ல பெரியம்மா, நூல்கொத்துதான். இன்னிக்கு வெள்ளிக்கிழமைன்னு பாயசம் வெச்சிருக்கேன், இப்ப கொண்டு போறேன்.

மாமா (பினாங்கு): ஆன்ட்டிகிட்ட அந்த வேப்பிலைக் கதையைச் சொல்லு. அவங்களுக்குத் தெரியுமான்னு கேளு.

நான் (பகல் 12:40): கேட்டேன் மாமா. தெரியாதாம். ‘நாகத்துக்குப் பயமா, சரி சரி’ன்னு சொல்லிட்டு, எழுந்து போய் இந்தக் கொத்தோட நூல் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கிக் கட்டிக் கொடுத்தாங்க. (படம்)