மிக்ஸ் சிடியை எம்பி3 ஆக்கினால் பாட்டுக்குப் பாட்டு தடுக்குகிறது, எப்படிச் சரிசெய்வது?

நிலாமுற்றம்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

பிரெஞ்சு டிஜே ஸ்டெஃபான் பொம்பூன்யாக் மிக்ஸ் செய்த முதல் 'ஹோட்டல் கோஸ்ட்' சிடி என்னிடம் இருக்கிறது. 1999-இல் வந்தது. பாரிஸில் சேன்ட் ஓனொரே தெருவில் உள்ள அந்த ஹோட்டலின் பெயரில் வந்த வரிசையில் இதுதான் முதல் தொகுப்பு. டவுன்டெம்போ என்ற மெதுவான மின்னணு இசையும் ஹவுஸ் என்ற நடன இசையும் கலந்தது. அண்ணன் வேலைக்குப் போன புதிதில் வாங்கியது. வீடு மாறும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பழைய சிடி ப்ளேயரில் போட்டால் ஒரு பாட்டு எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே தெரியாது. அதுதான் எனக்குப் பிடித்ததே.

அதை லேப்டாப்பில் போட்டு, கூடவே வந்த மியூசிக் மென்பொருளில் 192 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றி போனில் ஏற்றினேன். இப்போது மூன்று தொல்லை.

ஒன்று, பாட்டு மாறும் இடத்தில் ஒரு தடுக்கல். நடந்து போகும்போது கல் இடறுவது போல பீட் ஒரு கணம் நின்று மறுபடி ஓடுகிறது. இரண்டு, அதே இடத்தில் சத்தம் திடீரென்று ஏறுகிறது அல்லது இறங்குகிறது. மூன்று, திரையில் அடுத்த பாட்டின் பெயர் வந்துவிடுகிறது, ஆனால் காதில் பழைய பாட்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. சிடியையே தப்பாக வெட்டிவிட்டார்களோ?

இடைவெளியை மறைக்கலாம் என்று ப்ளேயரில் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் சேர்த்து ஓட்டும் வசதி) 4 நொடி வைத்துப் பார்த்தேன். இன்னும் மோசம். ஒரே மேளத்தை இரண்டு பேர் முன்பின்னாக அடிப்பது போல இருக்கிறது. காரில் பென்டிரைவ் போட்டால் இடைவெளி இதைவிடப் பெரிது.

தெருமுனை:

சுலபமான வழி ஒன்று இருக்கிறதே. அந்தப் பாட்டுகளையெல்லாம் ஸ்ட்ரீமிங்கில் தனித்தனியாகத் தேடி, அதே வரிசையில் ஒரு ப்ளேலிஸ்ட் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒலிநாடா:

தெருமுனை, அந்த யோசனை இங்கே ஒத்துவராது. ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பது ஒவ்வொரு பாட்டின் தனி வடிவம். அதற்கென்று ஒரு தொடக்கம், ஒரு முடிவு இருக்கும். மிக்ஸில் டிஜே அதன் தலையையும் வாலையும் வெட்டி, தேவைப்பட்ட இடத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, அடுத்ததோடு கோத்திருப்பார். அப்படிக் கோத்ததுதான் அவருடைய உழைப்பு. ப்ளேலிஸ்ட் போட்டால் பூக்கள் வரும், மாலை வராது. அதுவுமில்லாமல் மிக்ஸில் ஒவ்வொரு பாட்டுக்கும் உரிமையாளர் வேறு. அதனாலேயே அந்தக் காலத்து மிக்ஸ் சிடிகள் பல முழுசாக ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பதில்லை. கையில் சிடி இருப்பது நல்ல விஷயம்.

நிலாமுற்றம், முதலில் கிராஸ்ஃபேடை அணைத்துவிடுங்கள். டிஜே ஏற்கெனவே கலந்து வைத்ததை ப்ளேயர் மறுபடி கலக்கிறது. இந்தப் பாட்டின் கடைசி 4 நொடியும் அடுத்ததன் முதல் 4 நொடியும் ஒன்றின் பின் ஒன்றாக வரவேண்டியவை. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் நீங்கள் சொன்ன இரட்டை மேளம்தான் கேட்கும்.

இப்போது தடுக்கல். சிடியில் ஒரு நொடிக்கு 44,100 சாம்பிள்கள், அதாவது ஒலியின் அளவீடுகள். அதை 75 துண்டாக, துண்டுக்கு 588 சாம்பிள் வீதம் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு ட்ராக் முடிந்த துண்டுக்கு அடுத்த துண்டிலேயே இன்னொரு ட்ராக் தொடங்கலாம், நடுவில் மௌனம் கட்டாயமில்லை. அதனால்தான் சிடி ப்ளேயரில் உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

எம்பி3 அப்படியல்ல. அது ஒலியை 1,152 சாம்பிள் கொண்ட கட்டங்களாக அடைக்கும். எம்பி3 ஆக மாற்றித் தரும் லேம் என்கோடரை எடுத்துக்கொண்டால், தொடக்கத்தில் 576 சாம்பிள் தாமதம் சேர்க்கும். திரும்ப இசைக்கும்போது டிகோடர் தன் பங்குக்கு 529 சேர்க்கும். மொத்தம் 1,105 சாம்பிள், அதாவது சுமார் 25 மில்லிநொடி மௌனம். கடைசிக் கட்டம் நிறையாவிட்டால் அதையும் மௌனத்தால் நிரப்பும். முன்னும் பின்னும் சேர்ந்து 50 மில்லிநொடியைத் தொட்டுவிடும். 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) வேக ஹவுஸில் ஒரு பீட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே 500 மில்லிநொடிதான். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மௌனம் நுழைந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். இதோடு, அடுத்த ஃபைலைத் திறக்க ப்ளேயர் எடுக்கும் நேரமும் சேரும். உங்கள் காரில் நடப்பது அதுதான்.

லேம் இந்தக் கூடுதல் எவ்வளவு என்பதை ஃபைலின் தலைப்பகுதியில் எழுதி வைக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ப்ளேயர் சரியாகக் கத்தரித்துவிடும். உங்கள் மென்பொருள் அதை எழுதியதா, போனில் உள்ள ப்ளேயர் அதைப் படிக்கிறதா, இரண்டையும் பார்க்க வேண்டும். ஆனால் சிடி கையில் இருக்கும்போது இதையெல்லாம் துருவிக்கொண்டிருக்க வேண்டாம், மறுபடி ரிப் செய்வதுதான், அதாவது சிடியிலிருந்து கணினிக்கு எடுப்பதுதான் நேர்வழி.

நிலாமுற்றம்:

மிக்க நன்றி அண்ணா. கிராஸ்ஃபேடை அணைத்தேன், இரட்டை மேளம் போய்விட்டது. தடுக்கல் இருக்கிறது. மறுபடி ரிப் செய்யத் தயார். ஆனால் இருக்கிற எம்பி3களையே ஒட்டி ஒரே ஃபைலாக்கினால் போதாதா? சிடியில் கீறல்கள் இருப்பதால் திரும்பத் திரும்ப டிரைவில் போடத் தயக்கமாக இருக்கிறது.

ஒலிநாடா:

வெறுமனே ஒட்டினால் அந்த மௌனங்களும் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எந்த ப்ளேயராலும் எடுக்க முடியாது. ஒரே ஒரு தடவை நன்றாக ரிப் செய்துவிடுங்கள், அதன் பிறகு சிடியை உறையில் போட்டுப் பத்திரப்படுத்தலாம்.

மெல்லிய பருத்தித் துணியால் நடுத்துளையிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தரவு வட்டப்பாதையில்தான் ஓடுகிறது. வட்டமாக ஒரு கீறல் விழுந்தால் ஒரே இடத்தில் நிறைய தரவு அடிபடும், குறுக்கே விழுந்த கீறலை டிரைவ் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

அப்புறம் விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளைப் போட்டு, முழு சிடியையும் ஒரே ஃப்ளாக் ஃபைலாக (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம்), கூடவே ஒரு கியூ ஃபைலோடு எடுங்கள். கியூ ஃபைல் என்பது எந்த நிமிடம், எந்த நொடியில் எந்தப் பாட்டு என்று எழுதிய சின்ன உரைக்கோப்பு, அவ்வளவுதான். இசை ஒரே நீளமாக இருக்கும், பெயர்கள் தனியாக இருக்கும். கணினியில் ஃபூபார்2000, ஆண்ட்ராய்டில் பவர்ஆம்ப், இரண்டும் கியூவைப் படிக்கும்.

மழைக்காலம்:

இங்கே ஒலிநாடா சாரோடு சின்ன மாற்றுக்கருத்து. ஒரே ஃபைலாக வைத்தால், கியூ படிக்காத ப்ளேயருக்கு மாறிய அன்றே பெயர்கள் எல்லாம் போய்விடும். நான் தனித்தனி ஃப்ளாக்காகத்தான் வைத்திருக்கிறேன். ஃப்ளாக்கில் சாம்பிள் கணக்கு அப்படியே நிற்கும், கூடுதல் மௌனம் சேராது. அதனால் இடைவெளியில்லாமல் இசைக்கும் ப்ளேயராக இருந்தால் போதும். க்ரூடர், டார்ஃப்மைஸ்டர் என்ற டிஜே இரட்டையர் 1996-இல் பெர்லினின் ஸ்டூடியோ கே7 இசை நிறுவனத்துக்காகச் செய்த டிஜே-கிக்ஸ் வரிசை மிக்ஸை அப்படித்தான் கேட்கிறேன், ஒரு இடத்திலும் தடுக்கியதில்லை.

உங்கள் இரண்டாவது தொல்லைக்கு வருகிறேன். சத்தம் ஏறி இறங்குவது, ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியால். அது ஒவ்வொரு பாட்டையும் தனியாக அளந்து, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். மிக்ஸில் அமைதியான பாட்டு அமைதியாக இருக்க வேண்டும் என்றுதான் டிஜே வைத்திருக்கிறார். ப்ளேயரில் ரீப்ளேகெயின் என்ற பெயரில் அந்த வசதி இருந்தால் 'ட்ராக்' என்பதை விட்டு 'ஆல்பம்' என்று மாற்றுங்கள். அப்போது முழு ஆல்பத்துக்கும் ஒரே அளவு கூட்டும் அல்லது குறைக்கும், உள்ளே இருக்கிற ஏற்ற இறக்கம் அப்படியே நிற்கும். ஆனால் உங்கள் மென்பொருள் ரிப் செய்யும்போதே ஒலியளவை மாற்றி எழுதியிருந்தால் அந்த எம்பி3களை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது தொல்லை என்று சொன்னீர்களே, அது தவறே இல்லை. டிஜே 16 பார் (பாருக்கு 4 பீட்) நீளத்துக்கு இரண்டு பாட்டையும் சேர்த்து ஓட்டுகிறார் என்று வையுங்கள். 120 பிபிஎம்மில் அது 64 பீட், 32 நொடி. அந்த 32 நொடியில் முதலில் புதுப்பாட்டின் ஹை-ஹாட் தாளத்தட்டு மட்டும் மேலே சரசரக்கும். பழைய பாட்டின் பேஸ் (அடித்தள ஒலி) இன்னும் கீழே நிற்கும். பாதியில் பழையதன் பேஸைக் குறைத்துப் புதியதன் பேஸைத் திறப்பார்கள். இரண்டு பேஸும் ஒன்றாக ஓடினால் கலங்கிவிடும் என்பதால் இப்படி. கடைசியாகப் பழையதன் குரலோ கீபோர்டோ தேய்ந்து மறையும். இதில் 'இங்கேதான் அடுத்த பாட்டு' என்று எந்த நொடியைச் சொல்வீர்கள்? ட்ராக் குறியை எங்கோ ஓரிடத்தில் வைத்துத்தான் ஆகவேண்டும். சிலர் புதுப்பாட்டு எட்டிப்பார்க்கும் இடத்தில் வைப்பார்கள், சிலர் பேஸ் மாறும் இடத்தில். புத்தகத்தில் பக்கத்துக்கு அடையாளமாகக் கயிறு வைப்பது போல எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலாமுற்றம்:

இந்த விளக்கத்தைப் படித்துவிட்டு ஹெட்போனோடு உட்கார்ந்து கேட்டேன். பேஸ் கைமாறுவது உண்மையிலேயே கேட்கிறது! இத்தனை வருடம் கேட்டும் கவனித்ததில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. கார் ஸ்டீரியோ ஃப்ளாக்கை எடுக்கவில்லை, எம்பி3 மட்டும்தான். அதற்கு வழி உண்டா?

மழைக்காலம்:

காருக்கு ஒலிநாடா சார் சொன்னபடி ஒரே நீள ஃபைல்தான் சரி. ஃப்ளாக்கிலிருந்து முழு மிக்ஸையும் ஒரே எம்பி3 ஆக மாற்றுங்கள். இணைப்பே இல்லாத இடத்தில் தடுக்கல் எங்கிருந்து வரும்? 70 நிமிட மிக்ஸ் 320 கேபிபிஎஸ்ஸில் ஏறக்குறைய 168 எம்பி, பென்டிரைவுக்கு அது ஒன்றுமே இல்லை. அடுத்த பாட்டுக்குத் தாவ முடியாது, அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

காரில் சிடி போடும் வசதி இருந்தால் வெற்று சிடியில் ஒரு நகல் பதிந்தும் வைத்துக்கொள்ளலாம். முழு சிடியையும் ஒரே மூச்சில் பதியும் 'டிஸ்க் அட் ஒன்ஸ்' முறையைத் தேர்ந்தெடுங்கள். 'ட்ராக் அட் ஒன்ஸ்' என்று ஒவ்வொரு பாட்டாகப் பதிந்தால் பாட்டுக்குப் பாட்டு 2 நொடி மௌனம் விழும்.

நிலாமுற்றம்:

நேற்று ராத்திரி முடித்துவிட்டேன். சிடியைத் துடைத்துப் போட்டதில் இரண்டு இடத்தில் மட்டும் டிரைவ் திணறி, திரும்பத் திரும்பப் படித்து, கடைசியில் பிழையில்லை என்று காட்டியது. போனுக்குத் தனித்தனி ஃப்ளாக், காருக்கு ஒரே எம்பி3. போனில் ஆல்பம் ரீப்ளேகெயின், கிராஸ்ஃபேட் அணைப்பு. ஒரு தடுக்கல்கூட இல்லை.

இன்று காலை அண்ணனை காரில் கூட்டிக்கொண்டு போனபோது ஒன்றும் சொல்லாமல் போட்டேன். முதல் பாட்டு இரண்டாவதற்குள் கரைந்ததும் "இது நம்ம சிடிதானே?" என்று கேட்டார். இறங்க வேண்டிய இடம் வந்த பிறகும் வண்டியை அணைக்க விடவில்லை.

ஒலிநாடா:

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது தம்பி. அந்த ஃப்ளாக் ஃபைல்களை இன்னொரு ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். கீறல் விழுந்த சிடி அடுத்த தடவையும் இப்படிப் படிக்க விடும் என்று நம்ப முடியாது.